ஹேசல்கோம் ஏற்றம்

தண்ணீரின் ஆழம் அரையடி என்று அளவுப்பலகை காட்டியது. பாலம் எதுவும் இல்லாமல், ஓடையொன்று தார்ச்சாலையின் மேலேயே நடந்து மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சங்கரநயினார் சைக்கிளை விட்டு இறங்கி, வெள்ளைப் பலகையின் கறுப்புக் கோடுகளை இரண்டாம் முறையும் படித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வுபெற்றவருக்கு எந்த எண்ணையும் ஒரே பார்வையில் நம்பும் வழக்கம் இல்லை. “அத்தான், அது ஓடை, தண்டவாளம் இல்ல. சிக்னல் எல்லாம் விழாது, சும்மா இறங்குங்க” என்று பின்னாலிருந்து குற்றாலிங்கம் குரல் கொடுத்தான். அவர் மனைவி ஆவுடையின் தம்பி, இந்த ஆங்கில நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் சங்கரன்கோவில் பேச்சு நாக்கை விட்டுப் போகாதவன், மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கையோடு பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தான். “பேட்டரியில வாறவன் பேசக் கூடாது மாப்ள” என்றார் இவர். “நீங்க மிதிக்கிறிய, நான் மிதிக்கிற மாதிரி நடிக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போய்ச் சேருதோம்.” சங்கரநயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே ஜூன் மாதத்தில், இந்தப் பலகை இதே அரையடியைத்தான் காட்டியது. ‘நில்லு ஆவுடை, எவ்வளவு ஆழம்னு பாக்கணும்’ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடைநாயகி இரண்டு கால்களையும் பெடலிலிருந்து தூக்கி நீட்டி, தண்ணீரை இருபக்கமும் சீறவிட்டு, மறுகரையில் ஏறி நின்றாள். சுடிதார் முழங்கால்வரை நனைந்திருந்தது. ‘அளவு பாத்துட்டு மெதுவா வாங்க, நான் அதுக்குள்ள காஞ்சிருவேன்’ என்றாள். அறுபது வயது நிறைய ஒரு மாதமே பாக்கி. வயிற்றுக்குள் கட்டி இருந்தது. அன்று அது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அடுத்த ஜனவரியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஒரு கேள்வி அவரை விட்டு இறங்கவில்லை. தெரியாமல் கால்களைத் தூக்கியிருந்தால் அது குறும்பு. தெரிந்தே தூக்கியிருந்தால்? அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். காலணிக்குள் குளிர்ச்சி புகுந்தது.

ஓடைக்கு அப்பால் சாலை இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒடுங்கியது. ஒரு கார் போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். வேலிச்செடிகளில் வெள்ளைப்பூ, கீழே காஞ்சொறி, அதற்கும் கீழே எங்கோ நீர் கசியும் ஓசை. வேலி முடிந்த இடங்களில் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள் தொடங்கின. தேன் நிறக் கற்கள், அவற்றின்மேல் சாம்பல் நிறப் பாசி வட்டங்கள். சாந்து இல்லாமல் முந்நூறு ஆண்டு நிற்கிறதாம். அன்று அவர் அதைச் சுற்றுலாக் கையேட்டிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டு வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற மறுநாளே தொடங்கி இரண்டு ஆண்டுகள் அவர் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டார். ஆறு நாள், பதினேழு கிராமம், ஒவ்வொன்றுக்கும் வருகை இத்தனை மணி, புறப்பாடு இத்தனை மணி. அட்டவணையைப் பார்த்துவிட்டு, ‘நாம ரயில்லயா போறோம்?’ என்று கேட்டாள். இருந்தாலும் வந்தாள். ஆசைப்பட்டுத்தான் வந்தாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சைக்கிள் என்றால் அவளுக்கு உயிர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக இருந்தவள். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் சக்கரத்தில் அப்பும் கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிச் சுரண்டி, நாளுக்கு இருபது கிலோமீட்டர். சைக்கிள் நர்சம்மா என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதை அவள் அவமானமாக நினைப்பாள். எத்தனை பெண்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை. தொட்ட மாத்திரத்தில், ‘இது வாயு இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொல்லிவிடும் கை. அந்தக் கை தன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலா இருந்திருக்கும்? சாலையில் குழி ஒன்று வந்தது. “பள்ளம்” என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று. முன்னால் போகிறவர் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவர் கேட்டுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும். அன்று அவர் விதித்த விதி. ‘பாத்துட்டேன்’ என்று ஒவ்வொரு முறையும் ஆவுடை சொன்னாள். “இந்தப் பள்ளம் போன வருசமும் இருந்துச்சு, அத்தான். எங்க பஞ்சாயத்துக்கும் உங்க பஞ்சாயத்துக்கும் வித்தியாசம் இல்ல” என்றான் குற்றாலிங்கம்.

வளைவு திரும்பியதும் சிவப்பு முக்கோணப் பலகை தெரிந்தது. பதினான்கு சதவீத ஏற்றம். ரயில்பாதையில் நூற்றுக்கு ஒன்று என்றாலே எஞ்சின் மூச்சுவாங்கும். இது நூற்றுக்குப் பதினான்கு. அவர் கியரை இறக்கினார். செயின் கரகரத்துப் பல்லில் உட்கார்ந்தது. இடது முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிற்று. அடுத்த மாதம் அந்த முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு சைக்கிள் கிடையாது என்று மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த ஆண்டு. ஒன்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டதை இனித் தள்ளிப்போட இடம் இல்லை. இதோ, இந்த மரம். இந்த மரத்துக்கு நேராகத்தான் அன்று அவள் சைக்கிளை விட்டு இறங்கினாள். அவர் மேலே போய்ச் சேர்ந்து, ஒரு காலை ஊன்றி நின்று, திரும்பிப் பார்த்தபோது அவள் மரத்தடியில் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். செயின் கழன்றுவிட்டதென்று நினைத்தார். கியரில் தவறு செய்துவிட்டாள் என்று நினைத்தார். ‘கியரை மாத்து! ஆவுடை, கியரை மாத்து!’ என்று மேலிருந்து கத்தினார். கற்சுவரில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது, இன்றும் வருகிறது. ‘நீங்க போங்க. நான் மெதுவா வாறேன்.’ அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டவணைப்படி மேட்டின்மேல் இருக்கும் ஹேசல்கோம் கிராமத்துக்கு வருகை 11.10. அப்போதே 11.12. சைக்கிள் நர்சம்மா ஏற்றத்தில் இறங்கி நிற்கிறாள் என்பதை, இரண்டு முறை படிக்காமல் எதையும் நம்பாத மனிதர், ஒரு முறைகூடப் படிக்கவில்லை. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள். நெற்றியில் வேர்வை இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. ‘இந்த வேகத்துல போனா மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்’ என்றார். ‘நாலு மணிக்குச் சாப்பிட்டா இறங்காதா?’ என்றாள் அவள்.

முழங்கால் வலி தொடையில் ஏறியது. அவர் இறங்கவில்லை. இறங்கினால் மரத்தடியில் நிற்க வேண்டும். அங்கே நின்றால் மேலிருந்து அந்தக் குரல் கேட்கும். அன்று ஏற்றத்துக்குப் பிறகு சைக்கிள் பூட்டு. மேட்டின்மேல் இருந்த தேவாலய வாசலில் சைக்கிள்களை நிறுத்தியபோது பூட்டைக் காணோம். காலையில் தங்கும் விடுதிச் சன்னல் விளிம்பில் அவரே வைத்தது அவர் கண்ணுக்குள் தெரிந்தது. இருந்தும் வாய், ‘நீ பைக்குள்ள வச்சிருப்பேன்னு நினைச்சேன்’ என்றது. இரண்டு சைக்கிளும் குற்றாலிங்கம் இரவல் கொடுத்தவை. இரவல் பொருளைத் தெருவில் விட்டுவிட்டுப் போக அவர் பழகவில்லை. ‘அப்ப நீங்க நில்லுங்க. நான் ஒரு எட்டு உள்ள போய்ட்டு வந்திருதேன்’ என்று அவள் படியேறினாள். கையேட்டின்படி பார்வையிடப் பதினைந்து நிமிடம். அவர் இரண்டு சைக்கிள்களின் ஹேண்டிலையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. ஒரு பூனை வந்தது. எதிர்வீட்டு வாசலில் ஒரு கூடை முட்டை, ஆளில்லாமல், எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அட்டையோடு இருந்தது. அந்த ஊரில், திறந்தே கிடந்த கதவுகளுக்கு நடுவில், யாரும் திருடப்போகாத இரண்டு சைக்கிள்களை அவர் நாற்பத்தொரு நிமிடம் காவல் காத்தார். நிலையப் பதிவேட்டில் தாமதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதன் பக்கத்தில் காரணம் என்று இன்னொரு கட்டம். நாற்பத்தொரு நிமிடத்துக்கு எதிரே அந்தக் கட்டம் ஒன்பது ஆண்டுகளாக வெறுமையாக இருக்கிறது. வெளியே வந்தவளிடம் அவர் காரணம் கேட்டார். கேட்டார் என்பது மரியாதையான சொல். அவள் செயினில் சிக்காமலிருக்கச் சுடிதார் காலில் கிளிப்பை மாட்டிக்கொண்டே, ‘உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு’ என்றாள்.

மேட்டின் உச்சி வந்தது. மூச்சு நெஞ்சில் நிற்காமல் தொண்டையில் நின்றது. குற்றாலிங்கம் ஏற்கெனவே மேலே இருந்தான். ஒரு வேர்வைத் துளி இல்லை. அவன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான்; கண்ணைப் பார்க்கவில்லை. இன்று காலையிலிருந்தே அவன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதைச் சங்கரநயினார் கவனித்திருந்தார். வேடிக்கை பேசும்போது சாலையைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். “உள்ள போகணுமா அத்தான்? ஒன்பது வருசம். அக்கா எழுதி வச்ச நோட்டை எல்லாம் மாத்தியிருப்பாங்க. எலி தின்னிருக்கும். மழை வாற மாதிரி வேற இருக்கு, அப்படியே அடுத்த ஊருக்குப் போய் டீ குடிப்போம்.” அவன் குரலில் இருந்தது சலிப்பு இல்லை. பயமா? அவனுக்கு என்ன பயம்? பயப்பட வேண்டியவர் இவர். கடைசி வாரத்தில், வலிக்கு மருந்து ஏற்றிய பிறகு கிடைக்கும் தெளிவான அரைமணி நேரத்தில், ஆவுடை திடீரென்று சிரித்துக்கொண்டே சொன்னாள்: ‘அந்த ஏத்தத்து மாதா கோயில்ல ஒரு நோட்டுல எழுதி வச்சிட்டு வந்தேன்.’ ‘என்ன எழுதின?’ ‘போய்ப் பாருங்க. பூட்டை மறக்காமக் கொண்டு போங்க.’ அதற்குமேல் அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவரைப் பற்றிய குற்றச்சாட்டாக இருக்குமோ என்று பயந்தார். கத்தியதை, பூட்டை, கடிகாரத்தை அவள் எழுதியிருக்கலாம். அவள் குறை சொல்லும் பெண் இல்லை. ஆனால் குறை சொல்லாதவர்களிடம்தான் அது நிறைய இருக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நோய் தெரிந்தே, அவருடைய அட்டவணை கெட்டுவிடக் கூடாதென்று மருத்துவத்தைத் தள்ளிப்போட்டு வந்திருந்தால், அவளைக் கொன்றதில் பாதிப் பங்கு அந்த அட்டவணைக்கு. அதைத் தட்டச்சு செய்தது அவர் கை. “நீ வெளிய நில்லு மாப்ள” என்றார். “சைக்கிளைப் பாத்துக்கிடு.” “பூட்டு இருக்குல்லா?” “இருக்கு. இருந்தாலும் நில்லு.”

கல்லறைகளுக்கு நடுவே சரளைப் பாதை. எழுத்துத் தேய்ந்த கற்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. ஆட்டுரோமம் விற்றுச் செல்வம் சேர்த்த வணிகர்கள் கட்டிய கோயில் என்று கையேட்டில் படித்தது நினைவுக்கு வந்தது. இரும்பு வளையத்தைத் திருகியதும் கதவு கனமாக, ஆனால் சத்தமில்லாமல் திறந்தது. குளிர்ச்சி. அவள் பொய் சொல்லவில்லை, உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. ஈரக்கல், மெழுகு, பழைய காகிதம் எல்லாம் சேர்ந்த வாசனை. அந்த நாற்பத்தொரு நிமிடத்தில் அவள் மூக்கில் ஏறிய வாசனை இதுதானா? எந்த வரிசையில் உட்கார்ந்தாள்? வயிற்றில் கை வைத்துக்கொண்டாளா? ஞானஸ்நானத் தொட்டியருகே வெள்ளைத்தலைப் பெண்மணி ஒருவர் ஜாடியில் பூத்தண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டிருந்தார். “உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள். நான் ஹிலரி, இந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்பவள். மழை வராது என்று ரேடியோவில் சொன்னார்கள், ஆகவே நிச்சயம் வரும்” என்றார் ஆங்கிலத்தில். இவர் தலையசைத்தார். தூணோரத்து மேசையில் தடித்த பதிவேடு ஒன்று, நூலில் கட்டிய பேனாவோடு கிடந்தது. தேதி, பெயர், ஊர், கருத்து என்று நான்கு கட்டம். “ஒரே புத்தகம்தான். பதினான்கு ஆண்டாக இன்னும் நிரம்பவில்லை. நாங்கள் அவ்வளவு புகழ்பெற்ற ஊர் இல்லை பாருங்கள்” என்றார் ஹிலரி. சங்கரநயினார் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஆண்டுகள் இறங்கின. அமைதியான இடம். அழகு. என் தாத்தாவின் தாத்தா இங்கே அடக்கம். மிக அழகு. நாய்க்கும் பிடித்தது. அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது, திரும்ப வந்தார்.

நீல மை. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறி, கீழ்க்கட்டத்தையும் எடுத்துக்கொண்ட தமிழ். தடுப்பூசிப் பதிவேட்டில் குழந்தைகளின் பெயரை எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து. அவருக்கு முதலில் எழுத்து தெரிந்தது; சொல் தெரியவில்லை. தூத்துக்குடியில் இருந்த காலத்தில் மாதா கோயிலுக்குப் போனால், எல்லாப் பெண்களையும்போல அவளும் ஒரு தாளில் விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் போடுவாள். கோயிலில் மேசை, மேசையில் நோட்டு, நோட்டில் பேனா. பார்வையாளர் பதிவேட்டை விண்ணப்ப நோட்டு என்று நினைத்துவிட்டாள். மாதாவுக்கு எழுதிவிட்டாள். ‘தாயே. கட்டி இருப்பது தெரிந்துதான் வந்திருக்கிறேன். தம்பிக்கு மட்டும் சொன்னேன். பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சைக்கிளில் போக வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. இன்று முதல் தடவையாக ஏற்றத்தில் இறங்கிவிட்டேன். இவர் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் மூன்று நாள் பாக்கி. அதுவரைக்கும் இவர் என் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.’ அவர் முதலிலிருந்து திரும்பப் படித்தார். எண்ணாக இருந்தால் இரண்டு முறை போதும். இது ஏழாவது முறையும் புதிதாக இருந்தது. அவர் எதற்காக ஒன்பது ஆண்டுகள் தம்மைச் சபித்துக்கொண்டாரோ அதையே அவள் வரமாகக் கேட்டிருக்கிறாள். கேட்டதும் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று நாளும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் மறைத்தது, நீல எழுத்துகள் நீரில் நின்றன.

“அதை உங்களால் படிக்க முடிகிறதா?” ஹிலரி அருகில் வந்திருந்தார், கத்தரிக்கோலும் கையுமாக. “எத்தனையோ ஆண்டாக எங்களுக்கு அது என்னவென்று தெரியாது. கொடியில் பூத்த மாதிரி எழுத்து என்று என் கணவர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில், புரியாத மொழியில் எழுதிய பெண்மணிக்காகவும் என்று சேர்த்துக்கொள்வோம். யாரென்று தெரியாமலே. என்ன எழுதியிருக்கிறது?” வாழ்நாளில் எந்தப் பதிவேட்டிலும் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாதவர், ஐந்து நிமிடத் தாமதத்தை மறைத்த உதவியாளரைப் பணியிடை நீக்கம் செய்யச் சொன்னவர், அந்த வரிகளின்மேல் விரலை வைத்தார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் இந்த மொழி தெரியாத ஊரில் எழுதினாள். “என் மனைவி” என்றார் ஆங்கிலத்தில். “உங்கள் கோயில் மிகவும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். கணவர் வெளியே காத்துக்கொண்டிருக்கிறார், அதனால் நெடுநேரம் இருக்க முடியவில்லை என்றும்.” “அடடா, அவ்வளவுதானா” என்று ஹிலரி சிரித்தார், உடனே இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இன்று உங்கள் மனைவி வரவில்லையா?” “இல்லை.” ஹிலரி ஜாடியிலிருந்து ஒரு வெள்ளைப்பூவை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொட்டியருகே திரும்பிப் போனார். சங்கரநயினார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. குற்றாலிங்கம் இரண்டு சைக்கிள்களின் ஹேண்டிலையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பூட்டு போட்டிருந்தும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். தலையில் மழைத்துளிகள் ஒட்டியிருந்தன. “என்ன அத்தான், எலி தின்னுட்டா?” என்று கேட்டான். குரல் வேடிக்கையாகத் தொடங்கிப் பாதியில் உடைந்தது. இப்போது முதன்முறையாகக் கண்ணைப் பார்த்தான். ஒன்பது ஆண்டாக ஒருவன் ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைபேசியில் பேசியிருக்கிறான், சிரித்திருக்கிறான், இந்த ஏற்றத்திலும் கூடவே மிதித்து வந்திருக்கிறான். அக்காவிடம் கொடுத்த வாக்கு. அந்த முகத்தில் ஆவுடையின் மூக்கு இருந்தது. அதை இத்தனை நாள் இவர் கவனித்ததில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வந்தது, அன்று மரத்தடியில் குனிந்து நின்றவளை நோக்கி நடந்து இறங்காத கால்களின் வலிதான். அவர் படியிறங்கி, அவன் கைகளை ஒவ்வொன்றாக ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தம் கைகளை வைத்தார். ரப்பர் பிடி சூடாக இருந்தது. “தூணோரத்து மேசையில இருக்கு” என்றார். “போய்ப் பாரு மாப்ள. உன்னையும் எழுதியிருக்கா.” குற்றாலிங்கம் அசையவில்லை. “அத்தான், நான் அன்னைக்கே உங்ககிட்ட...” “போ. நான் சைக்கிளைப் பிடிச்சுக்கிடுதேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டு சரளைப் பாதையில் நடந்தான். எதிர்வீட்டு வாசலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. சங்கரநயினார் கைக்கடிகாரம் இருந்த மணிக்கட்டை மழைச்சட்டையின் கைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு, கதவு மூடுவதற்குள் கேட்கும்படி, மெதுவாகத்தான் சொன்னார்: “மெதுவா வா.”